சால்வோ என்றால் என்ன என்று கேட்ட மகனுக்கு

மகனே,

நலம் விசாரிக்கிற வரியை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஏசி அறையில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் காப்பியும் மறு கையில் கைபேசியுமாகப் போர் நடத்துகிறவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது? உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. போனில் பேசலாம் என்றால், நான் வாயைத் திறந்ததுமே "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். எழுதியதை உறைக்குள் ஒட்டி மறைக்கப் போவதும் இல்லை. ஒரு நகல் உனக்கு வரும். ஒன்றை உன் அம்மா வாசித்துவிட்டாள். ஒன்று காதர் பாய் மிட்டாய்க் கடையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளட்டும். கடைசியில் என் கையெழுத்து இருக்கிறது. உங்கள் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு எழுதுகிற வழக்கம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

போன மாதம் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்திருந்தாயே, அன்றைக்கு ஆரம்பித்தது எல்லாம். சாப்பிட்டு முடித்து மொட்டை மாடியில் உலாத்திக்கொண்டே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். மாடிப்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் காதில், "ஃபர்ஸ்ட் ஒரு சால்வோ விடலாம், அப்புறம் வாலி, கடைசியா பராஜ்" என்று விழுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பீரங்கிப் படையில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். இப்போது தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற வருகிற லாரிகளின் நம்பரை எழுதுகிறேன். இந்த ஊரில் என்னை 'மிலிட்டரி' என்று கூப்பிடுகிறவர்கள் அதற்கு மேல் கேட்பதெல்லாம் கேன்டீனில் என்ன சரக்கு கிடைக்கும் என்பது மட்டும்தான். அப்படியிருக்க, என் வீட்டு மாடியில், என் பிள்ளை வாயிலிருந்து, என் தொழிலின் சொற்கள் வருகின்றன! நீ இறங்கி வந்து, "அப்பா, சால்வோன்னா என்ன, வாலின்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டபோது, எதற்குக் கேட்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்கவே இல்லை. அது என் முதல் மடத்தனம்.

சமையலறைக்குப் போய் ஆறு எவர்சில்வர் தம்ளர்களை எடுத்து வந்து நடுவீட்டில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். "கழுவி வச்ச தம்ளரை எதுக்குத் தரையில கவுக்குதிய?" என்று உன் அம்மா சத்தம் போட்டாள். "ஏட்டி, சும்மா இரு. இது தம்ளர் இல்ல, பாட்டரி. ஆறு பீரங்கி" என்றேன். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஆறும் வெடித்து நின்றால், எங்கள் பாட்டரியில் அது சால்வோ. கப்பல்காரன் எல்லாம் ஒன்றாக வெடித்தால்தான் சால்வோ என்பான், அது அவன் பாடு. ஒரே ஆணைக்கு அத்தனையும் சேர்ந்து சீறினால் வாலி. மணிக்கணக்காக நிறுத்தாமல் குண்டுகளை வரிசை பிடித்து விழ வைத்து, எதிரே ஒரு சுவரையே எழுப்பிவிட்டால் அது பராஜ். தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினேன். நீ சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்து, கைபேசியில் குறித்துக்கொண்டாய். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நீ என் எதிரே அப்படி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சொற்களின் பூர்வீகத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு மலையாளி சுபேதார் இருந்தார். ஒரு சொல் கையில் கிடைத்தால் அதன் முப்பாட்டன் வரைக்கும் தோண்டாமல் விடமாட்டார். அவர் சொன்னதை உனக்கு அப்படியே ஒப்பித்தேன். சால்வோ என்பது ரோமாபுரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சொன்ன வாழ்த்திலிருந்து வந்ததாம், 'நலமாயிரு' என்று பொருள். துறைமுகத்துக்குள் வருகிற கப்பல் பீரங்கியை வெடித்து வணக்கம் சொல்லும். அந்த வெடிக்கு வைத்த பெயரை வைத்துக்கொண்டே பிறகு அடுத்தவன் கப்பலை உடைத்தார்கள். வாலி என்றால் பறத்தல். பள்ளிக்கூட மைதானத்தில் வலை கட்டி ஆடுகிறார்களே வாலிபால், அதில் இருப்பதும் அதே சொல்தான். பராஜ் என்பது பிரெஞ்சுக்காரன் ஆற்றுக்குக் குறுக்கே கட்டுகிற தடுப்பு. ஃபியூசிலேட் என்று இன்னொன்று உண்டு, பல துப்பாக்கிகள் படபடவென்று சேர்ந்து சுடுவது. அதன் வேரைத் தேடிப் போனால் நெருப்புத் தட்டுகிற ஓர் இரும்புத் துண்டில் போய் நிற்கும். தீப்பெட்டி இல்லாத காலத்தில் கல்லில் உரசி அடுப்புப் பற்றவைத்த சாமான். அதைக் கொண்டுபோய்த் துப்பாக்கியில் மாட்டினான், பிறகு துப்பாக்கிக்கே அந்தப் பெயரை வைத்தான்.

நாம் மட்டும் யோக்கியமா? சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை. இரண்டையும் சேர்த்துச் சரமாரி என்று வைத்துக்கொண்டோம். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன் ஐப்பசி மாதம் வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு நிற்கிறான். அவனுக்கு மழை என்றால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம். செய்தித்தாள்காரனுக்கு மழை என்றால் குண்டு. வணக்கம், பறத்தல், அணை, அடுப்பு, மழை என்று நல்ல சொற்களாகப் பார்த்துப் பார்த்துத் திருடியிருக்கிறார்கள். செய்கிற கொலைக்குச் சொந்தமாக ஒரு சொல் செய்துகொள்ளக்கூடத் துப்பில்லாத கூட்டம். இதை அன்றைக்கே உன்னிடம் இந்த வார்த்தைகளில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுபேதார் சொன்னதைச் சுவாரசியமான துணுக்கு மாதிரி சொல்லிவிட்டு, நீ சிரிப்பாய் என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "சரிப்பா, எஃபெக்ட் எப்படி இருக்கும்? எதுல ஆளு சீக்கிரம் விழுவான்?" என்று கேட்டாய். அதற்கும் பதில் சொன்னேன். பழைய காலத்துத் துப்பாக்கி நேராகச் சுடாது, கல்லெறி தூரத்துக்கு மேல் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. அதனால் நூறு பேரை வரிசையாக நிறுத்தி ஒரே ஆணையில் சுடச் சொன்னார்கள், எவன் குண்டோ எவன் மேலோ படும் என்று. வாலியின் பூர்வீகம் இவ்வளவுதான். குறி பார்த்து அடிக்க வக்கில்லாதவர்கள் கூட்டம் சேர்ந்த கதை. பராஜின் வேலை ஆளைக் கொல்வதுகூட இல்லை, பதுங்குகுழியில் இருக்கிறவன் தலையைத் தூக்கவிடாமல் செய்வது, அவன் குனிந்திருக்கும் நேரத்தில் நம் ஆள்கள் நடந்து போய் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்றேன். "குறி தப்பிட்டுன்னா?" என்று கேட்டாய். "ஆறுல எது தப்புச்சுன்னு எவனுக்குலே தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

நீ ஊருக்குப் போன பிறகு நான் கயத்தாறு வரைக்கும் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன். அங்கே என்னோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். "எம்மவன் கம்பெனில பீரங்கிப் பாஷையிலதான் பேசிக்கிடுதானுவ" என்று அவரிடம் போய்ச் சொன்னேன். நீ ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டுச் செய்கிற கம்பெனியில் இருக்கிறாய் என்று என் நினைப்பு. என்ன வேலை என்று கேட்கும்போதெல்லாம் நீயும் 'பிராண்டிங்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாய். அதற்குத் தமிழில் என்ன என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருந்தால், நீ திக்கியிருப்பாய்.

பத்து நாளைக்கு முன்னால் தாம்பூலப் பைக்குக் கடலை மிட்டாய் சொல்லுவதற்காகக் காதர் பாய் கடைக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்துக் கடை உனக்குத் தெரியாதது இல்லை. பாய் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தாடியைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. "என்ன பாய், பல்லுல வீக்கமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மிட்டாயில முடி கெடக்குன்னு போன்ல எழுதியிருக்காவ அண்ணாச்சி. எம்புட்டுப் பேரு எழுதியிருக்காவ தெரியுமா? ஒருத்தர் ரெண்டு பேரு சொன்னாப் பொய்யின்னு விடலாம். இம்புட்டுப் பேரா பொய் சொல்லுவாவ?" என்றார். மூன்று நாள் போட்ட சரக்கை அப்படியே அள்ளி மாட்டுக்கு வைத்துவிட்டாராம். வழக்கமாக வெல்லம் வாங்குகிற மண்டியை மாற்றிவிட்டாராம். கடலை வறுக்கிற சட்டியையும் புதிதாக வாங்கிவிட்டாராம். தன் மேல் குற்றம் சொன்னால் முதலில் தன் கையைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷன் அவர். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்கள் ஆபீஸ் திட்டத்தில் எந்த இடத்திலும் வந்திருக்காது.

கடையின் பார்சல் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் மகள் நூர்ஜஹான். நாலு வருஷமாக வெளியூருக்கெல்லாம் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளை, அன்றைக்குக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். "மாமா, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று கைபேசியை நீட்டினாள். ஒற்றை நட்சத்திரம், ஒற்றை நட்சத்திரம் என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கெட்டுப்போனது, முடி, பிளாஸ்டிக், காறல் என்று நாலைந்து சொற்களைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். சிலவற்றில் பாயின் மதத்தை இழுத்து எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். "எப்பம்மா வந்துச்சு இதெல்லாம்?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன். "திங்கக்கெழம சரியாப் பத்து மணிக்கு மாமா. போனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆறு வரும், நிக்கும். மறுபடி ஆறு வரும், நிக்கும். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். உச்சிக்கு மேல எல்லாம் ஒண்ணாக் கொட்டுச்சு. அதுக்கப்புறம் மூணு நாளு விடவே இல்ல. பழைய ஆளுக நல்லா எழுதுனது எல்லாம் எங்கன போச்சுன்னே தெரியல."

ஆறு வரும், நிற்கும். ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் அது ஒரு தகவல், அவ்வளவுதான். நான் கேட்டபோது நடுவீட்டில் கவிழ்த்து வைத்த ஆறு தம்ளரும் கண் முன்னால் வந்தன. சால்வோ, வாலி, பராஜ். வரிசைகூட மாறவில்லை. தலையைத் தூக்கவிடாமல் செய்துவிட்டால் நம் ஆள்கள் நடந்து போய் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னவன் நானேதான். மிட்டாய் சொல்ல வந்ததையே மறந்து, கால் கிலோ வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். சந்து முனையில் நின்று உனக்குப் போன் போட்டேன். அந்தப் பேச்சை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

"ஏலே, காதர் பாய் கடை மேல குண்டு போட்டது நீயா?"

"என்னப்பா சொல்றீங்க? குண்டா?"

"ஆறு ஆறா வந்திருக்குலே."

"அது கிளையன்ட் கொடுத்த லிஸ்ட்ப்பா. பெரிய ஸ்நாக்ஸ் கம்பெனி, தெக்க வியாபாரத்தைப் பெருக்கணும்னு வந்திருக்காங்க. லிஸ்ட்ல நெறைய கடை இருந்துச்சு. பேரெல்லாம் யாரு பாக்கா?" என்றாய்.

"நம்ம ஊரு பேரு, கோவில்பட்டின்னு போட்டிருக்கும்லா?"

"போட்டிருந்துச்சு."

"அப்போ பாத்திருக்க."

"பெர்சனலா எடுக்காதீங்கப்பா. எல்லாரும் செய்யறதுதான். ரெண்டு மாசத்துல ஜனங்க மறந்துருவாங்க."

"அந்த மனுஷன் சாமியப் பத்தி எழுதியிருக்கே, அதுவும் மறந்துருமா?"

"அது நாங்க எழுதுனது இல்லப்பா. கூட்டத்துல வேற யாராவது போட்டிருப்பாங்க."

கூட்டத்தில் யாராவது! எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது உன் வாயில். அதோடு நிறுத்தினாயா? குரலில் ஒரு குழைவோடு, "உங்க ஆறு தம்ளர் ஐடியாவத்தான் நான் ஸ்லைடாப் போட்டேன். எங்கப்பா ஆர்ட்டிலரின்னு சொன்னேன். மேனேஜர் கை தட்டுனாரு. என்னைய டீம் லீடர் ஆக்கியிருக்காங்கப்பா" என்றாய். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்தாய் போலிருக்கிறது. கடைசியில், தாம்பூலப் பைக்கு மிட்டாய் வாங்க வேண்டாம், அந்தக் கம்பெனியே ஆயிரம் பாக்கெட் சும்மா தருகிறது என்றாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன்.

உங்கள் ஆபீஸில் நீங்கள் கூடிப் பேசுகிற அறைக்கு 'வார் ரூம்' என்று பெயர் வைத்திருப்பதாக நீயே ஒருமுறை பெருமையாகச் சொன்னாய். த்தூ. உங்களில் எவனாவது வெடிமருந்துப் புகையை மூக்கில் வாங்கியிருக்கிறானா? பீரங்கிப் பக்கத்தில் நின்று காது அடைத்து, மூன்று நாள் எதிரே பேசுகிறவன் வாயசைவை மட்டும் பார்த்திருக்கிறானா? பொய்ப் பெயரில் ஆயிரம் கணக்கு ஆரம்பித்து, வெல்லப்பாகு காய்ச்சுகிறவன் மேல் சேற்றை வாரி அடிக்கிற வேலைக்கு உங்களுக்குச் சால்வோ ஒரு கேடா? வேலைக்குப் பொய் சொல்லுதல் என்று நேராகப் பெயர் வைத்தால் கூச்சமாக இருக்கிறது, அதனால் பட்டாளத்துச் சட்டையை வாங்கி மாட்டிக்கொள்கிறீர்கள். உனக்கு வாழ்க்கைப்பட வருகிற பிள்ளையிடம் உன் வேலை என்ன என்று தமிழில் சொல்லிப் பார். "தின்னாத மிட்டாயில் முடி கிடந்தது என்று ஆயிரம் பேர் போல எழுதுவது என் வேலை" என்று சொல். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடிந்தால், அப்புறம் தாலி கட்டு.

உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவனாக எழுந்து போக முடியாது. சின்னப் பிள்ளையில் நீ திரும்பத் திரும்பக் கேட்ட ஆட்டுக் கதை ஞாபகம் இருக்கிறதா? வடக்கே பாலைவனத்தில் சுடுபயிற்சி நடந்தபோது குண்டு விழுந்து இரண்டு ஆடு செத்துப்போனது, மறுநாள் எங்களுக்குக் கறிச்சோறு என்று சொல்லுவேன். நீ விழுந்து புரண்டு சிரிப்பாய். அந்தக் கதையில் ஆடுகளுக்குச் சொந்தக்காரராக ஒரு பெரியவர் உண்டு, உனக்கு அவரை நான் சொன்னதே இல்லை. வெடிக்காத குண்டுகளைத் தேடி மறுநாள் காலையில் நாங்கள் திடலுக்குள் நடந்து போனோம். உள்ளே ஆள் வரக் கூடாது என்று பலகை வைத்திருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாது. மணல்மேட்டுக்குப் பின்னால் குடிசை போட்டிருந்தார். நாங்கள் போனபோது குடிசை இல்லை. பொத்தல் விழுந்த அலுமினியப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணம் கேட்கவில்லை, சண்டைக்கு வரவில்லை. பீரங்கிக்கு ஒருவராக ஆறு பேரும் வரிசையாக நின்றோம். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அவர் மொழியில், "இதில் யாருடையது?" என்று மட்டும் கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். அவன் அவனுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். பீரங்கிக்காரன் தன் குண்டு விழுகிற இடத்தைப் பார்ப்பதில்லை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நின்று சுடுகிறோம். என்னுடையதாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு பேரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்போம். "என்னுடையதாக இருக்கலாம், மன்னிச்சுக்கோங்க பெரியவரே" என்று சொல்ல எத்தனை வினாடி ஆகியிருக்கும்? சொல்லாமல் திரும்பி வந்து, ஆட்டுக்கறியையும் தின்றுவிட்டு, பல வருஷம் கழித்து அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி என் பிள்ளைக்கு ஊட்டினேன். கூட்டத்தில் யாரோ என்கிற அந்தப் பேச்சு உனக்கு வேறு யாரிடமிருந்தும் வரவில்லை, நான் வளர்த்ததுதான். அதனால்தான் இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

இந்தப் பத்து நாளில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து நான் பாய் கடைக்கு நாலு தடவை போனேன். நாலு தடவையும் படி ஏறியதும், "கால் கிலோ கொடுங்க பாய்" என்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். "எதுக்கு இம்புட்டு மிட்டாயை வாங்கி அடுக்குதிய? சுகர் இருக்கிற மனுஷன்!" என்று உன் அம்மா பிடித்துக்கொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன்னைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. அந்த ஆறு தம்ளரையும் எடுத்துப் பரணில் போட்டாள். "போயி சொல்லிட்டு வாங்க. சொல்லாம இங்கன வராதிய" என்றாள். நேற்றுக் காலையில் போனேன்.

பாய் அப்போதுதான் பாகும் கடலையுமாகச் சட்டியிலிருந்து மரப்பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தாடியில் அதே துணி. "வாங்க மிலிட்டரி அண்ணாச்சி. கால் கிலோவா?" என்றார்.

"இல்ல பாய். ஒண்ணு சொல்லணும். போன்ல வந்துச்சுல்லா, ஒத்த நட்சத்திரம், அதைப் போட்டது எம்மவன். அவன் கம்பெனி. எப்படிப் போடணும்னு சொல்லிக்குடுத்தது நான்."

அவர் கை நிற்கவில்லை. பாகு இறுகுவதற்குள் தேய்த்து முடித்தாக வேண்டும் அல்லவா? முழுக்கத் தேய்த்தார். மேலே சிவப்பும் பச்சையுமாகத் தேங்காய்ப்பூவைத் தூவினார். கத்தியை எடுத்துக் கோடு போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு தாடியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நாலாக மடித்து மேஜை மேல் வைத்தார்.

"உங்க மவனா? சின்னப்பிள்ளையில இங்கன வந்து, மேல கெடக்க தேங்காப்பூவ மட்டும் நக்கித் தின்னுட்டு, வேற மிட்டாய் குடுங்கன்னு அழுவானே, அவனா?"

"அவன்தான் பாய்."

உள்ளே நூர்ஜஹான் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பலகையில் இருந்த மிட்டாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எம்மவ அம்புட்டையும் ஒண்ணு விடாம வாசிச்சா அண்ணாச்சி. இத்தன பேருல ஒருத்தராவது நம்ம மிட்டாயத் தின்னவுக இருப்பாக, அவுகளக் கண்டுபிடிச்சுக் கேட்டா என்ன கொறைன்னு தெரிஞ்சுரும், சரிபண்ணிரலாம்னு தேடிக்கிட்டே இருந்தா. ஒருத்தரும் ஆப்பிடல." கோட்டை விட்டு விலகிய ஒரு துண்டைக் கையால் சரிசெய்தார். "ஒருத்தன் இருந்திருக்கான்."

மகனே, இருபத்திரண்டு வருஷத்தில் எந்தப் பீரங்கிச் சத்தமும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை. அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் தொழிலில் எல்லாப் பீரங்கியும் சேர்ந்து வெடிப்பதற்கு முன்னால், தூரம் பார்ப்பதற்காக ஒரே ஒரு பீரங்கி முதலில் சுடும். அந்த ஒன்று மட்டும் எவனுடையது என்று எல்லோருக்கும் தெரியும். விழுந்த இடம் தப்பென்றால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். உன்னிடம் நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். நூறு பேரைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போட வைக்கிறேன் என்று ஏதாவது ஆரம்பிக்காதே, அந்தக் குப்பையை நூர்ஜஹான் முகத்துக்கு நேரே காட்டாதே. பாய் வீட்டுக்கு எழுதிய கல்யாணப் பத்திரிகை நம் வீட்டு மேஜை மேல் இருக்கிறது. நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி வா. வராவிட்டால், உன் முகூர்த்த நேரத்தில் உன் அப்பா மண்டபத்தில் இருக்க மாட்டார், மார்க்கெட்டுக்குப் பின்னால் மிட்டாய்க் கடைப் படியில் உட்கார்ந்திருப்பார். கேட்கிறவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வந்தால் என்னைத் துணைக்குக் கூப்பிடாதே, தனியாகப் போ. உன் பெயரைச் சொல்லு. பத்திரிகையை நீட்டுவதற்கு முன்னால் பலகையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, தேங்காய்ப்பூவை மட்டும் நக்காமல் முழுசாக மென்று தின்னு. பிறகு அது எப்படி இருக்கிறது என்று நூர்ஜஹானிடம் உன் வாயால் சொல்லு.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டு எழுதுகிற
உன் அப்பா